காலியா கிடக்குற ஹை ஸ்ட்ரீட்டை கவுன்சில் எப்படி எழுப்பலாம்: முழுமையான வழிகாட்டி

பிரிட்டன் ஊர்களோட மெயின் கடைத்தெருவைத்தான் ஹை ஸ்ட்ரீட்னு சொல்றாங்க. அங்க இருந்த பெரிய செயின் கடைங்க ஒவ்வொண்ணா போச்சு, வூல்வொர்த்ஸ் 2009 ஜனவரில, பிஹெச்எஸ் 2016ல, டெபன்ஹாம்ஸ் 2021ல, வில்கோ 2023ல. ஒவ்வொரு தடவை ஒரு பெரிய கடை ஷட்டரை இறக்கும்போதும் ஊர்ல எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், கவுன்சில், அதாவது உள்ளாட்சி, என்ன பண்ணிக்கிட்டு இருக்கு? கேள்வி நியாயமானதுதான். ஆனா கவுன்சில் கையில என்ன இருக்கு, என்ன இல்லைன்னு பாதி பேருக்கு தெரியாது, இன்னும் சொல்லப்போனா கவுன்சில்ல வேலை பாக்குற சில பேருக்கே முழுசா தெரியாது.

இல்லாததை முதல்ல சொல்லிடுறேன். கடை வாடகையை கவுன்சில் நிர்ணயிக்க முடியாது, அது லேண்ட்லார்ட் சமாச்சாரம். பிசினஸ் ரேட்ஸை, அதாவது கடை, ஆபிஸ் மாதிரி வியாபார இடங்களுக்கான வரியை, வசூல் பண்றது கவுன்சில், ஆனா எவ்வளவுன்னு முடிவு பண்றது வெஸ்ட்மின்ஸ்டர்ல இருக்கிற மத்திய அரசு. ஜனங்க ஆன்லைன்ல வாங்குறதை யாராலயும் நிறுத்த முடியாது. ஒரு துணிக்கடை காலியானா அங்க இன்னொரு துணிக்கடைதான் வரணும்னு உத்தரவும் போட முடியாது. இதையெல்லாம் கழிச்ச பிறகும் கையில மிஞ்சுறது கொஞ்சநஞ்சம் இல்ல, நிறையவே இருக்கு, பெரும்பாலும் யாரும் போட்டோ எடுத்துப் போடாத சலிப்பான அதிகாரங்கள். ரிப்பன் வெட்டுற புராஜெக்ட்டை விட இந்த சலிப்பான வேலையை வரிசையா பண்ற கவுன்சில்தான் ஜெயிக்குதுன்றது என் கட்சி, கீழ இருக்கிறது எல்லாம் அந்த வரிசைதான்.

கவுன்சிலரா இருக்கிறவங்க, ஹை ஸ்ட்ரீட்ல கடை வச்சிருக்கிறவங்க, சும்மா ஊர் மேல அக்கறை இருக்கிறவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். சட்டம் எல்லாம் இங்கிலாந்தைப் பத்தினது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல விதிகள் வேற.

படி 1: யார் கடை, யார் சொத்து, எப்போ இருந்து காலி

எல்லாரும் விஷன் டாக்குமென்ட்ல ஆரம்பிப்பாங்க, கலர் கலரா படம், மரத்தடியில காபி குடிக்கிற ஜோடி. அதை ஓரமா வச்சுட்டு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டை திறங்க. தெருவோட ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி. கீழ என்ன நடக்குது, காலின்னா எந்த மாசத்துல இருந்து, மேல் மாடி எப்படி இருக்கு, ஃப்ரீஹோல்ட், அதாவது முழு சொந்த உரிமை, யார் பேர்ல, நடுவுல நீண்டகால லீஸ் எடுத்தவங்க யாராவது இருக்காங்களா, எந்த ஏஜென்ட் போர்டு தொங்குது, அந்த ஏஜென்ட்டுக்கு போன் பண்ணா எடுக்குறாங்களா. கடைசி கேள்வியை சிரிச்சுட்டு விட்டுடாதீங்க, ரெண்டு வருஷமா போர்டு தொங்கும், போன் எடுக்க ஆள் இருக்காது, அப்படிப்பட்ட கடைகள் ஏராளம்.

எந்த கடை எப்போ காலியாச்சுன்ற தகவல் கவுன்சில்குள்ளயே இருக்கு, பிசினஸ் ரேட்ஸ் டீம்கிட்ட, ஏன்னா காலி கடைக்கு ரேட்ஸ் கணக்கு வேற. ஆனா அந்த டீமும் டவுன் சென்டர் டீமும் ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு பேசிக்கவே மாட்டாங்க. ஓனர் யாருன்னு பாக்க, அரசோட சொத்துப் பதிவு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரில ஒரு டைட்டில் ரெஜிஸ்டர் 7 பவுண்ட், 2024 டிசம்பர் வரைக்கும் 3 பவுண்டா இருந்துச்சு. கம்பெனிகள் பேர்ல இருக்கிற சொத்துன்னா அதோட மொத்தப் பட்டியலையே லேண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமா டவுன்லோட் பண்ண விடுது, பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு ஒரு பட்டியல், வெளிநாட்டு கம்பெனிகளுக்கு ஒரு பட்டியல். இதைப் போட்டுப் பாத்தா பல ஊர்ல ஒரு உண்மை தெரிய வரும், தெருவுல பாதியை பிடிச்சு வச்சிருக்கிறது நாலஞ்சு ஓனர், அதுல சில பேர் பென்ஷன் ஃபண்டு, சில பேர் ஜெர்சில பதிவு பண்ண கம்பெனி, ஒருத்தர் மட்டும் பக்கத்து ஊர்ல இருக்கிற குடும்பம். பேச்சுவார்த்தையை யார்கிட்ட ஆரம்பிக்கணும்னு அப்பவே புரிஞ்சிடும்.

மேல் மாடியை தனியா பாக்கச் சொன்னதுக்கு காரணம் இருக்கு. பழைய தெருக்கள்ல கடையோட முன்பக்கத்தை அகலமாக்கணும்னு மாடிப்படியை எடுத்துட்டாங்க, அதனால மாடிக்கு தனி வாசலே கிடையாது, கடைக்குள்ள புகுந்துதான் போகணும். மேல ரெண்டு ஃப்ளாட் போடலாம்னு காகிதத்துல எழுதுறது சுலபம், அந்தப் படியை எங்க திரும்ப வைக்கிறதுன்ற கேள்வில பாதி திட்டம் செத்துப் போகும். பக்கத்துப் பக்கத்து கட்டடம் ரெண்டுக்கும் ஒரே படி போட முடியுமான்னு பாருங்க, ஓனர் ஒருத்தரா இருந்தா முடியும், அதுக்குத்தான் அந்த ஸ்ப்ரெட்ஷீட்.

ஆட்கள் எப்படி வர்றாங்கன்னும் எண்ணணும், கடைக்காரங்க சொல்றதை மட்டும் நம்பக்கூடாது. பிரிஸ்டல்ல 2006ல, நடைப்பயணம், சைக்கிளை ஊக்குவிக்கிற சஸ்ட்ரான்ஸ்ன்ற சேரிட்டி எடுத்த சர்வேல கடைக்காரங்க, எங்க கஸ்டமர்ல 41 சதவீதம் பேர் கார்ல வர்றாங்கன்னு சொன்னாங்க, கஸ்டமர்களையே கேட்டப்போ 22 சதவீதம்தான். கடைக்காரங்க பொய் சொல்லல, கார் வச்சிருக்கிறவர் பார்க்கிங் பத்தி புலம்புவாரு, நடந்து வர்றவர் ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டு போயிடுவாரு, மனசுல நிக்கிறது புலம்பல்தான்.

படி 2: இந்தத் தெரு எதுக்கு?

கடைங்க திரும்ப வந்துடும்னு காத்திருக்கிறது திட்டமே இல்ல. 2011ல சில்லறை வியாபார ஆலோசகர் மேரி போர்ட்டாஸ் அரசுக்கு 28 பரிந்துரையோட ரிப்போர்ட் கொடுத்தாங்க, அடுத்த வருஷம் 27 ஊரை போர்ட்டாஸ் பைலட்னு தேர்ந்தெடுத்தாங்க, முதல் 12 ஊருக்கு ஆளுக்கு 1 லட்சம் பவுண்ட் வரைக்கும் கிடைச்சுது. நல்ல எண்ணம்தான், ஆனா அந்தப் பணத்துல திருவிழா நடத்தலாம், பூந்தொட்டி வைக்கலாம், அதைத் தாண்டி பெருசா ஒண்ணும் நடக்காது. ஊருக்குத் தேவைக்கு மேல கடை இடம் இருந்தா எத்தனை பூந்தொட்டி வச்சாலும் காலி கடை காலியாத்தான் இருக்கும்.

ஷாப்பிங் செஞ்சே ஆகணும்னு வராதவங்களுக்கு வேற என்ன காரணம் கொடுக்கலாம்னு யோசிக்கணும். பார்ன்ஸ்லி இதை நல்லா பண்ணுச்சு. புது லைப்ரரியை டவுன் சென்டர் நடுவுல 2019ல திறந்தாங்க, மார்க்கெட்டை கிளாஸ் வொர்க்ஸ் வளாகத்துக்குள்ள வச்சாங்க, 2022ல அதே வளாகத்துல என்ஹெச்எஸ்ன்ற அரசு மருத்துவ சேவையோட டயக்னாஸ்டிக் சென்டர் வந்துச்சு. ஸ்கேன் எடுக்க வர்றவர் பஸ்ல இறங்கி, ஸ்கேன் முடிச்சு, பக்கத்துல ஒரு டீ குடிச்சு, மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு போவாரு. ஊருக்கு வெளியில கார் பார்க் நடுவுல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனா இது எதுவுமே நடக்காது. பூல்ல டால்ஃபின் சென்டர் ஷாப்பிங் மால்ல, பீல்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்த கட்டடத்துல, 2021ல இருந்து என்ஹெச்எஸ் அவுட்பேஷன்ட் கிளினிக் நடக்குது. குளோஸ்டர்ல பழைய டெபன்ஹாம்ஸை யூனிவர்சிட்டி வாங்கிடுச்சு. இதெல்லாம் தானா நடக்காது, என்ஹெச்எஸ் டிரஸ்ட்டும் காலேஜும் புது இடம் தேடுற சமயத்துல, எங்க ஊர் நடுவுல இடம் இருக்கு வாங்கன்னு போய் உக்காந்து பேச கவுன்சில்ல ஆள் இருக்கணும். அவங்க பிசினஸ் பார்க்ல 15 வருஷ லீஸ் போட்ட பிறகு போய் நின்னா பிரயோஜனம் இல்ல.

தைரியமான முடிவுன்னா ஸ்டாக்டன் ஆன் டீஸ். 2019ல கவுன்சில் ரெண்டு ஷாப்பிங் சென்டரை வாங்குச்சு, காஸில்கேட், வெலிங்டன் ஸ்கொயர்னு. காஸில்கேட்ல இருந்த கடைகளை வெலிங்டன் ஸ்கொயருக்கும் ஹை ஸ்ட்ரீட்டுக்கும் மாத்திட்டு, காஸில்கேட்டை இடிச்சே போட்டாங்க, அந்த இடத்துல டிராஃபல்கர் ஸ்கொயரைப் போல மூணு மடங்கு பெரிய பார்க், தெருவை டீஸ் ஆத்தோட சேர்க்கிற மாதிரி. கடை இடத்தைக் குறைக்கிறேன்னு ஒரு கவுன்சில் வெளிப்படையா சொல்றது அரசியல்ல சாதாரண விஷயம் இல்ல. உங்க ஊர்ல ஸ்ப்ரெட்ஷீட் அதைத்தான் சொல்லுதுன்னா, தெருவோட ரெண்டு முனையையும் வீடுகளுக்கு விட்டுட்டு நடுப்பகுதியை இறுக்கமா வச்சுக்கிறது நல்லது, பல்வரிசையில ஓட்டை மாதிரி அங்கங்க காலி கடை இருக்கிறதை விட.

படி 3: ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்க

இது சின்னப் படி, ஆனா இதுல தடுக்கி விழுறவங்கதான் அதிகம். ஒருத்தர் கடை திறக்க வர்றாருன்னு வச்சுக்குங்க. பிளானிங் ஒரு டிபார்ட்மென்ட், லைசன்ஸ் ஒண்ணு, குப்பை ஒண்ணு, ரோட்டுல பெஞ்ச் போட ஹைவேஸ் ஒண்ணு. கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட்னு ரெண்டு அடுக்கு இருக்கிற ஏரியால இன்னும் மோசம், ரோடும் லைப்ரரியும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸும் கவுன்ட்டி கையில, பிளானிங்கும் ரேட்ஸ் வசூலும் குப்பை அள்ளுறதும் டிஸ்ட்ரிக்ட் கையில. ஒவ்வொருத்தரும் அவங்க அளவுல நியாயமாத்தான் முடியாதுன்னு சொல்வாங்க, மொத்தமா பாத்தா கடை திறக்காது. எல்லா டிபார்ட்மென்ட் கதவையும் தட்டுற அதிகாரத்தோட ஒரு டவுன் சென்டர் மேனேஜர் வேணும், அவருக்கு மேல சீஃப் எக்ஸிக்யூட்டிவ் வரைக்கும் நேரா போன் போகணும். மூணு வருஷ கான்ட்ராக்ட்டாவது கொடுங்க, ஒரு வருஷ கிராண்ட்ல வர்றவர் ஓனர்களோட பேரைக் கத்துக்கிறதுக்குள்ள கிளம்பிடுவாரு.

அடுத்தது பிட், அதாவது பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட். இங்கிலாந்துல முதல் பிட் 2005ல கிங்ஸ்டன்ல ஆரம்பிச்சுது. ஏரியால இருக்கிற வியாபாரங்க ஓட்டுப் போடணும், ஓட்டுப் போட்டவங்க எண்ணிக்கைலயும் மெஜாரிட்டி வேணும், அவங்களோட ரேட்டபிள் வேல்யூலயும் (ரேட்ஸ் கணக்குப் போட இடத்துக்கு வைக்கிற வருஷ வாடகை மதிப்பு) மெஜாரிட்டி வேணும், ஜெயிச்சா அதிகபட்சம் 5 வருஷத்துக்கு எல்லாரும் லெவின்ற கூடுதல் கட்டணம் கட்டணும், வேண்டாம்னு ஓட்டுப் போட்டவங்களும் சேர்த்து. இதுல ஒரு ஓட்டை இருக்கு, பெரும்பாலும் காசு கட்டுறது கடை நடத்துறவங்க, தெரு நல்லானா வாடகை ஏத்துறது லேண்ட்லார்ட். சின்னக் கடைக்காரங்க கோவப்படுறது இதுக்குத்தான், அந்தக் கோவத்தை கவுன்சில் ஆபிசர்கள் அறியாமைன்னு நினைச்சுடக் கூடாது. குறைஞ்ச ரேட்டபிள் வேல்யூ இருக்கிற கடைகளுக்கு லெவியே வேண்டாம்னு விதிலயே எழுதலாம், நிறைய பிட்ல அப்படித்தான் எழுதியிருக்காங்க.

படி 4: கையில இருக்கிற சட்டத்தை எடுத்து உபயோகிங்க

முதல்ல சுலபமானது. 1990 டவுன் அண்ட் கன்ட்ரி பிளானிங் சட்டத்தோட 215ஆம் பிரிவு, ஒரு கட்டடம் அலங்கோலமா கிடந்து அக்கம்பக்கத்தைக் கெடுக்குதுன்னா சரி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விடலாம், குறைஞ்சது 28 நாள் டைம் கொடுக்கணும், செய்யலன்னா கோர்ட்டுக்குப் போகலாம், இல்லன்னா கவுன்சிலே செஞ்சுட்டு பில்லை ஓனருக்கு அனுப்பலாம். பல தடவை நோட்டீஸ் வரைக்கும்கூட போக வேண்டாம், போட்டோவோட, அனுப்பப் போறோம்னு ஒரு லெட்டர் போனாலே பெயின்ட் அடிக்க ஆள் வந்துடும்.

காலி கடை மேல ரேட்ஸ். கடை காலியானா முதல் 3 மாசம் ரேட்ஸ் கிடையாது, அதுக்கப்புறம் முழுசா கட்டணும். அப்போ ஏன் ஓனர் வாடகைக்கு விடாம வச்சிருக்காருன்னு கேப்பீங்க. ரெண்டு வழி இருக்கு அவங்களுக்கு. ஒண்ணு, நாலு பெட்டியைக் கொண்டு வந்து உள்ள போட்டு கொஞ்ச நாள் உபயோகத்துல இருக்குன்னு காட்டிட்டு மறுபடி 3 மாசம் சலுகை வாங்குறது, முன்னாடி இதுக்கு 6 வாரம் போதும், 2024 ஏப்ரல்ல இருந்து 13 வாரம் ஆக்கிட்டாங்க. இன்னொண்ணு, பாரம்பரியக் கட்டடம்னு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட லிஸ்டட் கட்டடமா இருந்தா காலியா இருக்கிற வரைக்கும் ரேட்ஸே கிடையாது. அதாவது ஊரோட அழகான பழைய கட்டடத்தை காலியா பூட்டி வைக்கிறதுக்கு செலவே இல்ல. மெயின் தெருல நல்ல கட்டடம் எல்லாம் ஏன் பூட்டிக் கிடக்குன்னா இதுவும் ஒரு காரணம்.

அந்த இடத்துலதான் காலி கடையோட லீஸை கவுன்சிலே ஏலம் விடுற ஹை ஸ்ட்ரீட் ரென்டல் ஆக்‌ஷன் வருது. 2023 லெவலிங் அப் சட்டத்துல எழுதி, 2024 டிசம்பர் 2ல நடைமுறைக்கு வந்துச்சு, பாசெட்லா, டார்லிங்டன், மான்ஸ்ஃபீல்ட் மூணும் முதல்ல கை தூக்குன கவுன்சில்கள். வேலை செய்யுற விதம் இப்படி. எந்தெந்தத் தெரு ஹை ஸ்ட்ரீட்டுன்னு கவுன்சில் முதல்ல முறைப்படி அறிவிக்கணும். அந்தத் தெருல ஒரு கடை தொடர்ந்து ஒரு வருஷம் காலியா இருந்தாலோ, ரெண்டு வருஷத்துல 366 நாள் காலியா இருந்தாலோ அது மாட்டும். முதல் நோட்டீஸ் 10 வாரம் உயிரோட இருக்கும், அந்த சமயத்துல கவுன்சிலைக் கேக்காம யாருக்கும் கடையை விட முடியாது, ஆனா உண்மையான ஆளுக்கு விட ஓனருக்கு சான்ஸ் உண்டு. 8 வாரத்துல விடலன்னா கடைசி நோட்டீஸ், அது 14 வாரம். ஓனர் எதிர்க்கலாம், நானே கடை நடத்தப் போறேன், இடிச்சுக் கட்டப் போறேன்னு காரணம் காட்டலாம், கவுன்ட்டி கோர்ட் வரைக்கும் போகலாம். எதுவும் நிக்கலன்னா ஏலம், குறைஞ்சபட்ச வாடகைன்னு ஒண்ணு கிடையாது, லீஸ் 1 வருஷத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும். ஓனர் கையெழுத்து போட மாட்டேன்னா கவுன்சிலே அவர் சார்புல ஒப்பந்தம் போடலாம்.

கேக்க நல்லா இருக்கு, எல்லா காலி கடையையும் இதால திறந்துடலாம்னு நினைக்காதீங்க. ஏலத்துக்கு வர ஆளே இல்லன்னா நோட்டீஸ் வெறும் காகிதம். அதனால ஏலத்துக்கு முன்னாடியே இடம் தேடுற வியாபாரிங்க, சேரிட்டிங்க, சமையல் பண்ணி விக்கணும்னு நினைக்கிறவங்கன்னு ஒரு பட்டியல் கையில இருக்கணும். பெரும்பாலும் இதோட நிஜ பலம் மிரட்டல்தான், முதல் நோட்டீஸ் வந்ததும் அது வரைக்கும் போன் எடுக்காத ஏஜென்ட் அவரே கூப்பிடுவாரு. ஆனா மிரட்டல் பலிக்கணும்னா ஒரு தடவையாவது நிஜமா ஏலம் விட்டுக் காட்டணும்.

பிளானிங் விஷயத்துல 2020 செப்டம்பர்ல இருந்து கடை, ஆபிஸ், கஃபே, கிளினிக், ஜிம் எல்லாம் கிளாஸ் ஈன்ற ஒரே பிரிவு, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாற பர்மிஷன் வேண்டாம். இது நல்லதுதான். இன்னொரு பக்கம் 2021ல இருந்து அந்த கிளாஸ் ஈ இடத்தை முழு பிளானிங் பர்மிஷன் இல்லாம வீடாவும் மாத்தலாம், 2024 மார்ச்ல அளவு வரம்பையும் காலியா இருந்திருக்கணும்ன்ற நிபந்தனையையும் எடுத்துட்டாங்க. நல்லா ஓடுற கடை வரிசைக்கு நடுவுல தரைத்தளத்துல ஜன்னலை மூடி ஃப்ளாட் வந்தா அந்த வரிசையே செத்துடும். அதைத் தடுக்கணும்னா முக்கியமான கடை வரிசைக்கு மட்டும், பர்மிஷன் இல்லாம மாத்துற அந்த உரிமையை எடுத்துடுற ஆர்ட்டிகிள் 4 டைரக்‌ஷன் போடணும், நஷ்டஈடு பிரச்சனை வராம இருக்க ஒரு வருஷம் முன்னாடியே அறிவிக்கணும். ஒரு வருஷம்! அதனால பிரச்சனை வந்த பிறகு யோசிக்கலாம்ன்ற பேச்சே கிடையாது. மொத்த டவுனுக்கும் போட்டா அமைச்சகம் வெட்டிடும், எந்தெந்த வரிசைன்னு ஸ்ப்ரெட்ஷீட்டை வச்சு நியாயப்படுத்துங்க.

பெட்டிங் ஷாப், டேக்அவே எல்லாம் கிளாஸ் ஈக்கு வெளில, புதுசா வரணும்னா பொதுவா பர்மிஷன் வேணும். வேப் கடையும் பார்பரும் அப்படி இல்ல, சாதாரண கடைதான், எத்தனை வந்தாலும் பிளானிங்கால தடுக்க முடியாது. அங்க சட்டவிரோத சரக்கு விக்கிறாங்கன்னா அது விற்பனை விதிகளைப் பாத்துக்கிற ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், போலீஸ் வேலை.

படி 5: சின்னதா திறந்து பாருங்க

முதல் தடவை கடை போடுறவருக்கு 10 வருஷ லீஸ்ல கையெழுத்து போடு, ரிப்பேர் எல்லாம் உன் செலவுன்னு சொன்னா ஓடிடுவாரு. கவுன்சில் சொந்தமா வச்சிருக்கிற ஒண்ணு ரெண்டு கடையை ஆறு மாசம், ஒரு வருஷம்னு சின்ன ஒப்பந்தத்துல கொடுக்கலாம், வாடகையை வியாபாரத்தோட சதவீதமா வாங்கலாம். ரேட்டபிள் வேல்யூ 12,000 பவுண்ட் வரைக்கும் இருந்து அது ஒண்ணுதான் அவரோட இடம்னா ரேட்ஸ் பொதுவா பூஜ்யம், இதுவே நிறைய பேருக்கு தெரியாது, அப்ளை பண்ணாம கட்டிக்கிட்டு இருப்பாங்க. அதுக்கு மேல இருந்தா, 1988 லோக்கல் கவர்ன்மென்ட் ஃபைனான்ஸ் சட்டத்தோட 47ஆம் பிரிவுல கவுன்சில் தன்னோட விருப்பத்துல தள்ளுபடி கொடுக்கலாம். ரொம்ப நாள் காலியா இருந்த கடைல வர்றவருக்கு முதல் வருஷம் பாதி ரேட்ஸ்னு ஒரு ஸ்கீம் போட்டா செலவு பெருசா வராது.

மார்க்கெட்டுக்கு ஆல்ட்ரிங்காம் கதையை எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்றேன். ஒரு காலத்துல அந்த ஊர்ல ஏறக்குறைய மூணுல ஒரு கடை காலி, பேய் ஊர்னு பேப்பர்ல எழுதுனாங்க. டிராஃபோர்ட் கவுன்சில் பழைய மார்க்கெட் கட்டடத்தை ஒரு தனியார் ஆபரேட்டர்கிட்ட விட்டுச்சு, 2014ல மார்க்கெட் ஹவுஸ் திறந்துச்சு, நடுவுல நீளமான பொது மேசை, சுத்தி சின்னச் சின்ன கிச்சன், சுத்துவட்டாரத் தெருவும் மெதுவா நிமிந்துச்சு. இதைப் பாத்துட்டு நாட்டுல பாதி கவுன்சில் ஃபுட் ஹால் கட்டக் கிளம்பிடுச்சு. ஆல்ட்ரிங்காம் சுத்தி வசதியான ஜனங்க இருக்காங்க, மான்செஸ்டருக்கு டிராம் இருக்கு. வாரச் சம்பளத்துல வாழுற ஊர்ல 12 பவுண்ட் பீட்சா விக்கிற ஹால் ஓடாது, அங்க நல்ல காய்கறி ஸ்டாலும் மலிவான துணியும்தான் கூட்டத்தைக் கூட்டும்.

நடைபாதைல மேசை நாற்காலி போடுற பேவ்மென்ட் லைசன்ஸ் கோவிட் சமயத்துல தற்காலிகமா வந்து 2024 மார்ச்ல நிரந்தரமாச்சு, புதுசுக்கு அதிகபட்சம் 500 பவுண்ட், புதுப்பிக்க 350. அதிகபட்சம்தான், அவ்வளவும் வாங்கியே ஆகணும்னு இல்ல. வீல்சேர் போக இடம் விட்டிருக்கான்னு மட்டும் கண்டிப்பா பாருங்க.

படி 6: பார்க்கிங், பஸ், பாத்ரூம்

இலவச பார்க்கிங் கொடுங்கன்னு எல்லா மீட்டிங்லயும் ஒருத்தர் எழுந்து கத்துவாரு. முழுசா இலவசம் ஆக்குனா அந்த இடத்துல காலைலயே பக்கத்து ஆபிஸ்காரங்களும் கடை ஊழியர்களும் வண்டியை போட்டுட்டு சாயங்காலம்தான் எடுப்பாங்க, கஸ்டமருக்கு இடமே இருக்காது. முதல் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ இலவசம், அதுக்கு மேல ஏறிக்கிட்டே போகணும், அதுதான் வண்டிகளை சுழற வைக்கும். பட்ஜெட் ஓட்டையை அடைக்க பார்க்கிங் கட்டணத்தை ஏத்துறதும் ஆபத்து, 2013ல ஹை கோர்ட், பார்னெட் கவுன்சில் வருமானத்துக்காக ரெசிடென்ட் பர்மிட் கட்டணத்தை ஏத்துனது சட்டப்படி தப்புன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

பஸ் ஸ்டாப் தெரு நடுவுல இருக்கணும், பின்னாடி சந்துல இல்ல. பொது பாத்ரூமை மூடிட்டு, வயசானவங்களும் கைக்குழந்தையோட வர்றவங்களும் அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போயிடுறாங்க, ஏன்னு தெரியலன்னு கன்சல்டன்ட்டுக்கு காசு கொடுத்து ரிப்போர்ட் வாங்குறது எனக்கு எப்பவும் சிரிப்பு வரும். சாய்மானம், கைப்பிடி இருக்கிற பெஞ்ச், எரியுற விளக்கு, டெலிவரி வண்டி நிக்க ஒரு இடம். இவ்வளவுதான்.

படி 7: பணம், கடன், கழுத்துக்கு வர்ற கத்தி

அரசு கிராண்ட் வரும், போகும், பேர் மாறும். 2020 டிசம்பர்ல ஃப்யூச்சர் ஹை ஸ்ட்ரீட்ஸ் ஃபண்டுல 72 இடத்துக்கு 830 மில்லியன் பவுண்ட் அறிவிச்சாங்க, டவுன்ஸ் ஃபண்டுல 101 ஊருக்கு பெரும்பாலும் 25 மில்லியன் வரைக்கும், 2025ல 75 இடங்களுக்கு 10 வருஷத்துல 20 மில்லியன் வரைக்கும்னு இன்னொரு திட்டம். கிராண்ட்ல இருக்கிற பெரிய சிக்கல், கட்டுறதுக்கு காசு தருவாங்க, நடத்துறதுக்கு தர மாட்டாங்க. கிரானைட் கல் போடுவாங்க, உடைஞ்ச கல்லை மாத்த அடுத்த வருஷ பட்ஜெட்ல ஒண்ணும் இருக்காது, தார் ஊத்தி அடைச்சுட்டு போவாங்க. விண்ணப்பத்துக்கும் வேலை ஆரம்பிக்கிறதுக்கும் நடுவுல கட்டட செலவு ஏறிடும், அதனால பாதிப் பணத்துலயும் பாதி வேலையாவது தனியா நிக்கிற மாதிரி பிரிச்சு வைங்க.

ஷாப்பிங் சென்டரை வாங்குறது தனிக்கதை. விலை விழுந்ததும் கவுன்சில்களுக்கு ஆசை வரும், நாமளே வாங்கி நாமளே சரி பண்ணலாம்னு. ஷ்ராப்ஷயர் கவுன்சில் 2018ல ஷ்ரூஸ்பரில மூணு சென்டரை 51 மில்லியனுக்கு வாங்குச்சு, சில வருஷத்துலயே மதிப்பு பாதிக்கும் கீழ போயிடுச்சு. அதைவிட பயங்கரம் வோக்கிங். கடைகள், ஹோட்டல், அடுக்குமாடி கோபுரங்கள்னு விக்டோரியா ஸ்கொயரை கடன் வாங்கிக் கட்டி, மத்த முதலீடுகளும் சேர்ந்து, 2023 ஜூன்ல, வரவுக்குள்ள செலவை சமாளிக்க முடியலன்னு கவுன்சில் அறிவிக்கிற செக்‌ஷன் 114 நோட்டீஸ், பற்றாக்குறை 1.2 பில்லியன் பவுண்ட், அந்த கவுன்சிலோட வருஷ அடிப்படை நிதியோ 16 மில்லியன் சுமார்தான். கட்டடம் நல்லாத்தான் இருக்கு, ஊர் சேவைகள்தான் வெட்டுப்பட்டுச்சு. 2020 நவம்பர்லயே அரசு விதி மாத்திடுச்சு, வெறும் வருமானத்துக்காக சொத்து வாங்குற கவுன்சிலுக்கு பப்ளிக் வொர்க்ஸ் லோன் போர்டு வழியா வர்ற அரசுக் கடன் கிடையாது, ரீஜெனரேஷனுக்கு, அதாவது ஊரை சீரமைக்கன்னா, உண்டு.

அதுக்காக வாங்கவே கூடாதுன்னு இல்ல, ஸ்டாக்டன் வாங்கித்தான் மாத்துச்சு. வாடகை வந்து கடனை அடைச்சுடும்ன்ற கணக்குல வாங்கினா ஆபத்து, இடிக்கவோ வேற உபயோகத்துக்கு மாத்தவோ தெளிவான காரணத்துக்கு, அதோட நஷ்டத்தை முன்னாடியே கணக்குல எழுதிட்டு வாங்கினா அது வேற. வாடகை பாதியா குறைஞ்சா என்ன ஆகும், வட்டி ரெண்டு சதவீதம் ஏறினா என்ன ஆகும்ன்ற ரெண்டு கேள்விக்கும் எண்ணுல பதில் இல்லாத பேப்பருக்கு எந்த கவுன்சிலரும் கை தூக்கக் கூடாது. கமர்ஷியல் ரகசியம்னு சொல்லி அந்தப் பக்கத்தை மறைச்சா இன்னும் சந்தேகப்படுங்க.

ஓனர் விக்கவும் மாட்டாரு சரி பண்ணவும் மாட்டாருன்னா கம்பல்சரி பர்ச்சேஸ், அதாவது சட்டப்படி கட்டாயமா வாங்குறது, இருக்கு. வருஷக்கணக்கு இழுக்கும், வக்கீல் செலவு வரும், ஆனா தெருவையே அடைச்சுக்கிட்டு நிக்கிற ஒரே கட்டடத்துக்கு அது நியாயமான வழி. கவுன்சில்தான் ஓனரா இருக்கணும்னும் இல்ல, ஸ்காட்லாந்துல டம்ஃப்ரீஸ்ல மிட்ஸ்டீபிள் குவார்ட்டர்னு ஊர் ஜனங்களே சேர்ந்த சொசைட்டி ஹை ஸ்ட்ரீட் கட்டடங்களை வாங்கி சீரமைக்குது.

படி 8: வேலை நடக்கும்போதும் அதுக்கப்புறமும்

ரோட்டைத் தோண்டுற அந்த ஒண்ணரை வருஷத்துலதான் மிச்சம் இருக்கிற கடைகளும் சாகும். எந்த வாரம் எந்தக் கடை வாசல்ல வேலைன்னு முன்னாடியே சொல்லுங்க, தீபாவளி, கிறிஸ்துமஸ் வியாபார நேரத்துல தோண்டாதீங்க, வேலி போட்டாலும் கடை திறந்திருக்குன்னு போர்டு வைங்க, வியாபாரம் விழுந்தா அந்தந்த மாசத்துக்கு 47ஆம் பிரிவு தள்ளுபடியைக் கொடுங்க.

அளக்கும்போது ஃபுட்ஃபால் மட்டும் போதாது, ஒரு கச்சேரி வச்சா அது ஏறிடும். அந்த முதல் ஸ்ப்ரெட்ஷீட்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி நடந்து நிரப்புங்க, புதுசா திறந்த கடைல எத்தனை ரெண்டாவது வருஷமும் இருக்கு, மாடில எத்தனை பேர் குடி வந்திருக்காங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எத்தனை கதவு திறந்திருக்குன்னு பாருங்க.

நீங்க கவுன்சில்ல இல்ல, கடைக்காரர் அல்லது குடியிருக்கிறவர்னா, வார்டு கவுன்சிலர் ஜனங்களைச் சந்திக்கிற சர்ஜரின்ற கூட்டத்துக்குப் போய் மூணு விஷயம் கேளுங்க. ரென்டல் ஆக்‌ஷனுக்கு நம்ம தெருவை அறிவிச்சாச்சா, இல்லன்னா எந்த மீட்டிங்ல வருது. கடந்த ரெண்டு வருஷத்துல 215 நோட்டீஸ் எத்தனை விட்டிருக்கீங்க. 47ஆம் பிரிவு தள்ளுபடிக்கு எழுத்துல பாலிசி இருக்கா. வாயால பதில் வரலன்னா அதையே ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் (தகவல் அறியும் உரிமை) கேள்வியா ஈமெயில்ல அனுப்புங்க, 20 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்.